ஊதாமல் வாசிக்கிற குறி

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஜெயன் மறைத்துவிட்டான் என்று யாரும் பேசக் கூடாது. மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை என்றால் கோபம் வரும். அது மூக்கின் மேல்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதைவிடப் பெரிய கோபம் வரும். ஐம்பத்து நான்கு வயதாகிவிட்டது, இனி திருந்தப் போவதில்லை. ஆனால் ஷிஜாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் என் கோபத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. எல்லாம் அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது.

ஷிஜா கொல்லயில் ஊர்க்காரி. தனுவச்சபுரம் கல்லூரியில் பி.காம் இரண்டு வருடம் படித்தாள், மூன்றாம் வருடம் கல்யாணம் வந்துவிட்டது. மாப்பிள்ளை சஜு டைல்ஸ் வேலைக்காரர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அந்த வீட்டில் பேசவேண்டியதையெல்லாம் ஷிஜாவும் மகள் தன்யாவுமே பேசிவிடுவார்கள். தன்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் ஷிஜா எங்கள் கம்பெனிக்குப் பேக்கிங் வேலைக்கு வந்தாள்.

கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். உதியன்குளங்கரைக்கு இந்தப் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம். பன்னிரண்டு பேர். முதலாளி ராஜையா சார். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் வெளியே செய்து இங்கே வரும். அதில் பார்கோடு போட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. கடைச் சோப்பில் இருக்கிற வரிவரியான கோடு இல்லை. அரிசி மணி நீளத்துக்கு ஒரு சின்னச் சதுரம், அதற்குள் கறுப்புப் புள்ளிகள். லேசர் மெஷின் அதை எஃகில் சுட்டுப் போடும். ஒவ்வொரு கத்தரிக்கும் அதற்கென்று ஒரு எண் அதற்குள் உண்டு. ஆஸ்பத்திரியில் கழுவப் போகும்போதும், ஆபரேஷனுக்கு முன்னும், முடிந்த பின்னும் கேமரா அதை வாசித்துக் கணக்கு வைக்கும். வயிற்றுக்குள் ஒரு கத்தரி தங்கிவிடக் கூடாது பாருங்கள், அதற்காகத்தான்.

ஷிஜா ஆறு வருடம் பேக்கிங் மேசையில் இருந்தாள். பத்துப் பத்தாகக் கவரில் போட்டு, பெட்டியில் அடுக்கி, ஒட்டி, எழுதி. கை அங்கே, கண் இங்கே. ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் இருந்த லேசர் மெஷினைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்போது அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் வினீத். அவன் மத்தியானம் சாப்பிட வெளியே போனால் இவள் உள்ளே போய் மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டுவாள். ‘இவளுக்கு ஏசிக் காத்து வாங்கணும்’ என்று நாங்கள் கேலி செய்வோம். வினீத் திடீரென்று வளைகுடாவுக்கு விசா வந்து மூன்று நாளில் பறந்துவிட்டான். ராஜையா சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது இவள் எழுந்து, “சார், நான் இருந்து பாக்கட்டா?” என்றாள். எல்லோரும் சிரித்தோம். பெரிதாகச் சிரித்தவன் நான்தான். அன்று சாயங்காலத்துக்குள் நாற்பது கத்தரி அடித்து என் மேசைக்கு அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த நாற்காலி அவளுடையது. உறை கிழிந்த சுழல் நாற்காலிக்குப் பழைய சுரிதார் துணியில் ஒரு உறை தைத்துப் போட்டாள். சபையில் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் வேத வசன வரிக்குக் கீழே மெஷினின் பவர் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எந்த எஃகுக்கு எது சரி என்று பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் எழுதி வைப்பாள். பள்ளிக்கூடத்தில் தன்யா ஒரு படிவத்தில் அம்மாவின் வேலை என்ற இடத்தில் ‘லேசர் ஆப்பரேட்டர்’ என்று எழுதியிருந்தாள். அதைப் போனில் படம் எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினாள். எனக்கு மூன்று தடவை காட்டினாள். மூன்றாம் தடவை நான் சீறி விழுந்தேன்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். நான் செக்கிங். கண்ணாடி அறைக்கு நேர் எதிரே என் மேசை. ஷிஜா அடித்து அனுப்புகிற ஒவ்வொன்றையும் எடுத்து, ஸ்கேனரை வைத்து, ‘டிக்’ என்றால் பாஸ், ‘பூம்’ என்று முனகினால் தள்ளிவைக்க வேண்டும். பதினேழு வருடமாக இதே மேசை. லேசர் வருவதற்கு முன்னால் பித்தளை வில்லையில் எண் அடித்து வரும், அதையும் நான்தான் பார்ப்பேன். என் மேசையில் தள்ளிவைத்தது மிகக் குறைவு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அறுநூறு கத்தரியும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். நூற்று நாற்பதைக் கேமரா வாசிக்கவில்லை, நர்சுகள் கையால் எழுதி எழுதிச் சலித்துப்போனார்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று. ராஜையா சார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

“ஜெயா, உனக்க டேபிளுக்கு வராம ஒரு பீஸாவது வெளிய போச்சா?”

“ஒண்ணுகூடப் போகல்ல சார். எனக்க கையில எல்லாம் வாசிச்சதாக்கும்.”

“அப்ப குறியிலதான் கொழப்பம்” என்றார் அவர். நான் மறுத்துச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? என் கையில் வாசித்தது உண்மைதானே.

ஷிஜா டைரியை விரித்தாள். “பவரு, ஸ்பீடு ஒண்ணும் மாத்தல்ல சார். பாருங்க, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

“டைரிய ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் காட்ட முடியுமா மக்கா?” சார் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “திங்கக்கிழம நெய்யாற்றின்கரையில இருந்து அகிலேஷ்ணு ஒருத்தன் வாறான். டிப்ளமா படிச்சவன், வேற கம்பெனியில இதே மெஷின் ஓட்டுனவன். அவன் பாக்கட்டு. நீ பழையபடி பேக்கிங்கில இரு.”

ஷிஜா டைரியை மூடிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை என்று பேக்கிங் மேசை ஸ்ரீகுமாரி வந்து சொன்னாள். ஸ்ரீகுமாரிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். “அண்ணோ, நீங்க அவளுக்காக ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்” என்றாள். “உனக்க சோலியப் பாரு” என்று விரட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஷிஜா மெஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். கண்ணாடி வழியாக, கையில் பேனாவோடு. எனக்கு எரிச்சலாக இருந்தது. கையில் வேலை இருக்கும்போது இவளுக்கு என்ன வேடிக்கை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு கத்தரியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“ஜெயண்ணா, ஒரு காரியம் கேட்டா கோவப்படுவியளா?”

“கேக்காட்டியும் கோவம்தான் வரும். கேளு.”

“இதை ஊதாம வாசிச்சுக் காட்டுங்க.”

“என்னது?”

“நீங்க ஊதுதிய அண்ணா. பீஸ எடுக்குதிய, ஹான்னு ஊதுதிய, பிறகுதான் ஸ்கேனர வைக்குதிய. நேத்து எண்ணிப் பாத்தேன். முப்பதுக்குப் பத்தொம்பது.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. “ஏட்டி, உனக்க மெஷின் போவுதுண்ணு அதை எனக்க தலையில கெட்டப் பாக்கியா? நான் ஊதுதேனாம்! பதினேழு வருசமா இதைப் பாத்துப் பாத்து எனக்குக் கண்ணு போச்சு, தெரியுமா?” என்று கத்தினேன். பேக்கிங் மேசையில் எல்லோரும் சோற்றில் கைவைத்தபடி பார்த்தார்கள்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. “நான் சார்ட்ட ஒண்ணும் சொல்லல்ல அண்ணா. சொல்லவும் மாட்டேன். ஒருதடவ ஊதாம பாருங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் மனிதன் என்ன செய்வான்? சோறு இறங்கவில்லை. எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில், ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். முன்பு போலக் கையில் பிடிக்கிற ஸ்கேனர் இல்லை, இப்போது புதிதாக வைத்த கேமரா மேலே, நேராக, அசையாமல் நிற்கும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு ஸ்டூலின் இரண்டு காலுக்குக் குறுக்கே ஸ்கேனரைக் கயிற்றால் கட்டினேன். திரும்பி வந்த பெட்டியிலிருந்து இருபது கத்தரி எடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீழே வைத்தேன்.

ஐந்து வாசிக்கவில்லை. பூம், பூம் என்று அந்தச் சனியன் முனகிக்கொண்டே இருந்தது. கடைசியாக முனகியதைக் கையில் எடுத்து, ஹா என்று ஊதி, திரும்ப வைத்தேன். டிக்.

முனகிய மற்றவற்றையும் ஊதி வைத்தேன். எல்லாம் டிக்.

காரியம் இதுதான். ஆபரேஷன் கத்தரி கண்ணாடி போலப் பளபளக்கும். மேலே எரிகிற ட்யூப் லைட்டும் என் வழுக்கைத் தலையும் அதில் தெரியும். ஸ்கேனர் நேராகப் பார்த்தால் அந்த வெளிச்சம்தான் அதன் கண்ணில் அடிக்கும், புள்ளி தெரியாது. ஊதினால் எஃகின் மேல் ஆவி படியும், பளபளப்பு செத்துப்போகும், கறுப்புப் புள்ளிகள் துலக்கமாக எழும்பி வரும். அதுவும் ஏசி அறையிலிருந்து ஜில்லென்று வருகிற எஃகில், நம்முடைய மழைக்காலக் காற்றில், அந்த ஆவி சீக்கிரம் போகாது. பித்தளையில் எண் பார்த்த காலத்தில் எனக்குத் தொற்றிய பழக்கம் அது. தேய்ந்த எண்ணில் ஊதினால் எழுத்து தெரியும், அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். லேசர் வந்த பிறகும் என் வாய் பழைய வேலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊதியும் சரியாகாவிட்டால் சாய்த்துப் பிடிப்பேன், வேட்டி நுனியால் துடைப்பேன், எப்படியாவது ‘டிக்’ வரவழைத்துவிடுவேன். அவள் குறி தேறியதா என்று நான் பார்க்கவில்லை, கைபிடித்துத் தேற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கேமராவுக்கு வாயும் இல்லை, வேட்டியும் இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, நினைத்தேன். திங்கட்கிழமை அகிலேஷ் வந்துவிடுவான். அவன் மெஷினில் ஏதாவது திருகுவான். நான் ஊதுவதை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஷிஜா வாயைத் திறக்கமாட்டாள், அவளே சொல்லிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை உட்காரவிடவில்லை.

மூன்றரை மணிக்கு எல்லோரும் சாயா குடிக்கக் கூடியிருந்தபோது எழுந்து நின்றேன். “சார், அந்தத் தப்பு எனக்கதாக்கும்.” ஸ்டூலையும் கயிற்றையும் காட்டி, இருபது கத்தரியையும் அவர் கண்முன்னால் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன்.

ராஜையா சார் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். “எத்தனை நாளா ஊதுத?”

“பதினேழு வருசமா சார்.”

ஸ்ரீகுமாரிதான், “அய்யோ என் பகவானே, அப்ப நாம அனுப்புன சரக்கெல்லாம் ஜெயண்ணனுக்க மூச்சிலயா ஓடிச்சு?” என்றாள். அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது எல்லோருக்கும். சார் சிரிக்கவில்லை.

“சிரிக்கியளா? ஊதாம வாசிக்கல்லண்ணா குறியும் செரியில்லண்ணுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரிக்கு இனி நான் என்ன அனுப்புவேன்?” அவர் கேட்டதும் நியாயம்தான். நான் உண்மையைச் சொன்னதால் ஷிஜாவின் நாற்காலி தப்பிவிடவில்லை.

“சார், ஒரு வாரம் தாங்க” என்றாள் ஷிஜா.

“புதன் வரை. பிறகு அகிலேஷ் இருப்பான்.”

அவர் போன பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். நான் தலையைத் தூக்கவில்லை. “ஜெயண்ணா, நீங்க ஊதுனது தப்புதான். ஆனா ஊதுனா வாசிக்குதே, அது எதுக்குண்ணு யோசிச்சியளா?”

“பளபளப்பு போவுது, அதுதான்.”

“அப்ப அந்த ஆவிய எஃகிலயே போட்டுட்டா? எப்பவும் போகாத மாதிரி?”

அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நாளாகச் செத்துக் கிடந்த கண் பளிச்சென்று எரிந்தது. நான் ஒரு பெட்டி கழிவுக் கத்தரியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் கண்ணாடி அறைக்குள் போனேன்.

அவள் எண்ணம் எளிதுதான். முதலில் லேசரை மெதுவாக, வெளிச்சத்தைக் கொஞ்சம் கலங்கவிட்டு, நெடுக்கும் குறுக்கும் ஓட்டி, எஃகில் ஒரு வெள்ளை மங்கல் கட்டம் போடுவது. பிறகு அதன் மேல் கறுப்புப் புள்ளிச் சதுரம். எண்ணம் எளிது, கை பழகத்தான் ஆளைக் கொன்றுவிட்டது. முதல் கட்டம் கருகின வெங்காயம் போலப் பழுப்பாக வந்தது. இரண்டாவது தெரியவே இல்லை. பவரைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, லென்ஸை ஒரு நூல் மேலே தூக்கி, ஒவ்வொன்றையும் டைரியில் எழுதிக்கொண்டே போனாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சேலையோடு நேரே கம்பெனிக்கு வந்துவிட்டாள். பின்னால் சஜு சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டுப் போனார். நான் ஸ்டூலுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்து வாசித்தேன். என் மேல் நம்பிக்கை இல்லாமல், என் தோர்த்துத் துண்டை எடுத்து என் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கொள்ளைக்காரன் போல உட்கார்ந்திருந்தேன்.

முப்பத்தேழாவது கத்தரியில் வந்தது. ஊதின கண்ணாடி போல வெண்மையாக ஒரு கட்டம், நடுவே கறுகறுவென்று புள்ளி. டிக். திருப்பி வைத்தேன், டிக். “யேசப்பா!” என்று அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை அகிலேஷ் வந்தான். முப்பது வயது இருக்கும், சட்டைப் பையில் அளவுகோல். எனக்கு அவனைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. அவன் வரக் கூடாது என்று நினைத்திருந்தேன், அதனால் பிடிக்கவில்லை, வேறு குற்றம் ஒன்றும் அவனிடம் இல்லை. அவன் மங்கல் கட்டத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தான். “சேச்சி, கட்டத்த இன்னும் கொஞ்சம் பெரிசாக்கணும். சதுரத்தச் சுத்தி நாலு பக்கமும் வெறும் வெள்ள இடம் கிடக்கணும், இல்லெங்கில் கேமராவுக்கு அது எங்க தொடங்குதுண்ணு தெரியாது” என்றான். ஷிஜா அதையும் டைரியில் எழுதிக்கொண்டாள். நாற்காலியைப் பிடுங்க வந்தவன் அதன் காலைச் சரிசெய்து கொடுத்தான். அப்புறம் எனக்கு அவன் மேல் கோபப்பட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் கத்தரியை நீராவியில் வேகவைப்பார்கள், அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் அதற்கு ஏது மெஷின்? ஸ்ரீகுமாரி தன் வீட்டுப் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்தாள். “சோறு வைக்குத குக்கரில கத்தரியா? எனக்க மாமியார் அறிஞ்சா என்னையும் சேத்து வேக வைப்பா” என்று சொல்லிக்கொண்டே அடுப்பில் ஏற்றினாள். நாற்பது விசில். எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி நாற்பது விசில். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கம்பெனியில் கூவல்தான். குறி அசையவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் இருநூறு கத்தரி ஆஸ்பத்திரிக்குப் போயின. பதில் வரும்வரை மெஷின் ஓட வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார், அது வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஷிஜா பேக்கிங் மேசையில் இருந்தாள். சார் மறுபடி சொல்லவில்லை, அவளாகவே போய் உட்கார்ந்தாள். “நாற்காலி எனக்குள்ளதா இல்லியாண்ணு தெரியட்டு, அப்ப இருக்கேன்” என்றாள். தன்யாவிடம் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். கண்ணாடி அறைக்குள் காலியாகக் கிடந்த அந்தப் பூப்போட்ட உறையை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான். எல்லாம் என்னால் ஆனது.

கடிதம் வந்தது. இருநூறும் வாசித்தன. ஒன்று மட்டும் இரண்டாம் தடவையில். இனி எல்லாம் இப்படியே வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ராஜையா சார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “ஷிஜா, போய் உனக்க இடத்தில இரு” என்றார். அவள் அழுதாள். ஸ்ரீகுமாரி அழுதாள். நான் இருமிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சார் என்னைப் பார்த்தார். “ஜெயா, செக்கிங்கில இனி அகிலேஷ் இருக்கட்டு. நீ பேக்கிங்குக்கு மாறு.” கோபம் வரவில்லை, அதுதான் எனக்கே அதிசயம். மேசை இழுப்பறையிலிருந்து என் சாமான்களை எடுத்துக்கொண்டு போய் ஸ்ரீகுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷிஜா ஆறு வருடம் இருந்த அதே இடம்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் என் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைக் காணவில்லை. யார் எடுத்தது என்று நான் கத்த ஆரம்பித்தபோது ஷிஜா கண்ணாடி அறையிலிருந்து அதைக் கொண்டுவந்து நீட்டினாள். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். என் மூடியில் பெயர் இல்லை, வெண்மையாக ஒரு கட்டம், நடுவே கறுப்புப் புள்ளி.

“அகிலேஷ்ட்ட கொடுத்து வாசிச்சுப் பாருங்க அண்ணா.”

அகிலேஷ் அதை ஸ்டூலில் கட்டிய ஸ்கேனருக்குக் கீழே, நேராக வைத்தான். டிக். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் இரண்டே வார்த்தை வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

‘ஊதண்டாம் அண்ணா.’

பேக்கிங் மேசை முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். என் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. கழற்றி, பழக்கத்தில் ஹா என்று ஊதி, வேட்டி நுனியால் துடைத்தேன். அதற்கு மட்டும் ஷிஜா ஒன்றும் சொல்லவில்லை.